ஆங்கிலத்தில் புதிய கிளைமொழிகள் எப்படிப் பிறக்கின்றன, எதனால் பிரிகின்றன?

#1 படிப்பாளி

கடலும் மலையும் குறுக்கே நின்றன, மக்கள் பிரிந்தார்கள், பேச்சும் பிரிந்தது. கிளைமொழிகளின் தோற்றத்துக்கு நாம் வழக்கமாகக் கேட்கும் விளக்கம் இவ்வளவுதான். ஆங்கிலத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க இந்த விளக்கத்தின் மீது எனக்கு ஐயம் கூடிக்கொண்டே போகிறது.

1789ஆம் ஆண்டு நோவா வெப்ஸ்டர், ஜெர்மன் மொழியிலிருந்து டச்சும் டேனிஷும் சுவீடிஷும் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அவ்வளவு தொலைவுக்கு அமெரிக்காவின் மொழியும் வருங்கால இங்கிலாந்தின் மொழியிலிருந்து விலகிவிடும் என்று எழுதினார். 1877இல் ஒலியியல் அறிஞர் ஹென்றி ஸ்வீட் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு நூற்றாண்டுக்குள் இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஒன்றுக்கொன்று விளங்காத மொழிகளைப் பேசும் என்று கணித்தார். இருவரும் சாதாரண ஆட்கள் அல்லர். ஒருவர் அகராதிக்காரர், மற்றவர் ஒலிகளையே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். இருவர் கணிப்பும் பொய்த்தது. அட்லாண்டிக் பெருங்கடலாலேயே முழுமையாகப் பிரிக்க முடியவில்லை என்றால், பிரிப்பது கடல் அல்ல என்றுதானே பொருள்?

ஆனால் மறுபக்கமும் உண்டு. மீனைக் குறிக்கும் 'ஃபிஷ்' என்ற சொல்லை ஆஸ்திரேலியர் சொன்னால் 'ஃபீஷ்' போலவும் நியூசிலாந்துக்காரர் சொன்னால் 'ஃபஷ்' போலவும் காதில் விழுகிறது. இரண்டும் அண்டை நாடுகள். குடியேறியவர்களும் ஏறக்குறைய ஒரே தீவுகளிலிருந்து வந்தவர்கள்தாம். ஆகவே என் கேள்விகள் இரண்டு. ஒரு புதிய கிளைமொழியை உண்மையில் உருவாக்குபவர்கள் யார், அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது? தொலைக்காட்சியும் இணையமும் எல்லோர் காதிலும் ஒரே பேச்சை ஊற்றும் இக்காலத்தில் இந்த வேறுபாடுகள் கரைந்துவிடுமா?

#2 ஒலிநூல்

முதல் கேள்விக்கு நியூசிலாந்தைப் போன்ற சான்று வேறெங்கும் கிடைக்காது. ஒரு கிளைமொழி பிறந்துகொண்டிருந்த காலத்தின் குரல்களே அங்கே நமக்குக் கிடைத்திருக்கின்றன. 1946 முதல் 1948 வரை அந்நாட்டு வானொலித் துறை, ஒலிப்பதிவுக் கருவி பொருத்திய வண்டி ஒன்றைச் சிற்றூர்களுக்கு அனுப்பி, முதியவர்களின் இளமைக்கால நினைவுகளை இசைத்தட்டுகளில் பதிவு செய்தது. வண்டியில் போனவர்களுக்கு மொழி ஆராய்ச்சி நோக்கமே இல்லை; பழங்கதைகளையும் உள்ளூர் இசையையும் தேடித்தான் போனார்கள். ஆனால் பேசியவர்களுள் பலர் 1850களிலும் 1860களிலும் பிறந்தவர்கள். அதாவது, பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் 1840ஆம் ஆண்டு செய்துகொண்ட வைட்டாங்கி உடன்படிக்கைக்குப் பின் பெருகிய குடியேற்றத்தின் முதல் தலைமுறைப் பிள்ளைகள். கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் எலிசபெத் கார்டனும் அவருடைய குழுவினரும் இந்தப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். இதே பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு மொழியியல் அறிஞர் பீட்டர் ட்ரட்கில் 2004இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்.

அவர் கூறுவதன் சாரம் இது. கப்பலிலிருந்து இறங்கிய பெரியவர்கள் தங்கள் ஊர்ப் பேச்சைப் பெரிதாக மாற்றிக்கொள்வதில்லை. மற்றவர்களுக்குப் புரியாத மிகக் குறுகிய வட்டாரச் சொற்களையும் ஒலிகளையும் மட்டும் விட்டுவிடுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள்தாம் விசித்திரமான நிலையில் வளர்கிறார்கள். பிள்ளைகள் இயல்பாகத் தம் வயதொத்தவர்களைப் பார்த்தே பேசுவார்கள். ஆனால் அங்கே பின்பற்றுவதற்கு நிலைபெற்ற ஊர்ப்பேச்சு என்று எதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் ஸ்காட்லாந்துக்காரர், எதிர் வீட்டில் அயர்லாந்துக்காரர், அடுத்த தெருவில் தென் இங்கிலாந்துக்காரர். எனவே ஒவ்வொரு பிள்ளையும் தன் போக்கில் ஒரு கதம்பத்தைக் கட்டிக்கொண்டது. அந்தப் பதிவுகளைக் கேட்டால், ஒரே ஊரில் வளர்ந்த இருவர் வெவ்வேறாகப் பேசுவதையும், பிரிட்டனின் எந்த வட்டாரத்திலும் சேர்ந்து காணப்படாத ஒலிகள் ஒரே ஆளின் வாயில் குடியிருப்பதையும் கவனிக்கலாம்.

இந்தக் கதம்பத்தைக் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறையில்தான் பேச்சு ஒருமைப்படுகிறது. பெரும்பான்மையோர் எந்த ஒலியை வைத்திருந்தார்களோ அது தங்கியது, சிறுபான்மை ஒலி உதிர்ந்தது. 1900ஆம் ஆண்டை ஒட்டிப் பள்ளி ஆய்வாளர்கள், பிள்ளைகளின் வாயில் 'குடியேற்ற நாட்டு இழுப்பு' தென்படுகிறது என்று குறைகூறத் தொடங்குகிறார்கள். அந்தக் குறைதான் நமக்குக் கிடைத்திருக்கும் பிறப்புச் சான்றிதழ். மொத்தத்தில் இரண்டு தலைமுறை, ஐம்பது அறுபது ஆண்டுகள். புதிய கிளைமொழி பிறப்பதற்கு நூற்றாண்டுகள் தேவையில்லை. பிரிவைவிடக் கலப்புதான் அதன் தாய்.

#3 வழிப்போக்கர்

ஒலிநூல் அவர்களின் விளக்கம் அழகாக இருக்கிறது. அழகு சற்று மிகுந்திருப்பதே எனக்கு உறுத்துகிறது. பெரும்பான்மை வென்றது, சிறுபான்மை தோற்றது என்றால் மொழி என்பது வெறும் வாக்குப்பெட்டியா? பேசுகிறவர்களுக்கு விருப்பு வெறுப்பு கிடையாதா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரைக்கு அப்பால் உள்ள மார்த்தாஸ் வின்யார்டு என்ற தீவில் மொழியியல் அறிஞர் வில்லியம் லபோவ் செய்து 1963இல் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். அவர் தீவின் 69 பேரிடம் உரையாடினார். 'ரைட்', 'ஹவுஸ்' போன்ற சொற்களில் வரும் ஐகார, ஔகார ஒலிகளின் தொடக்கப் பகுதி சிலரிடம் வாயின் நடுப்பகுதிக்கு நகர்ந்திருந்தது. இது தீவில் முன்பே இருந்த, மங்கிவந்த பழைய ஒலிப்பு. அது மீண்டும் வலுத்ததைத்தான் லபோவ் கண்டார். யாரிடம் மிகுதி என்று பார்த்தபோது, முதியவர்களைவிட 30 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்களிடமும், அவர்களுள்ளும் குறிப்பாகச் சில்மார்க் என்ற பகுதியின் மீனவர்களிடமும் அது ஓங்கியிருந்தது. கோடைதோறும் பெருநகரங்களிலிருந்து பணக்காரர்கள் வந்து இறங்க, மீன்பிடித் தொழில் நலிய, தீவு தம் கையைவிட்டுப் போகிறது என்ற எண்ணம் யாரிடம் வலுத்திருந்ததோ அவர்கள் வாயில்தான் அந்த ஒலியும் வலுத்திருந்தது. தீவை விட்டு வெளியேறிப் பிழைக்கலாம் என்று எண்ணிய இளைஞர்களிடம் அது இல்லை.

இங்கே எண்ணிக்கை எதையும் தீர்மானிக்கவில்லை. கடலும் பிரிக்கவில்லை, மாறாக, வெளியார் வந்து நெருங்கியதால்தான் பேச்சு விலகியது. 'நாங்கள் இந்த மண்ணுக்கு உரியவர்கள்' என்று சொல்வதற்கு மனிதர்கள் உயிரொலியைக்கூடப் பயன்படுத்துவார்கள். அப்படிச் சொல்கிறோம் என்பதை அவர்களே அறியாமல் இருக்கலாம்.

#4 ஒலிநூல்

வழிப்போக்கர் அவர்களே, நம் இருவருக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக நான் நினைக்கவில்லை. நீங்கள் சொல்லும் தீவில் ஏற்கெனவே ஒரு சமூகமும் ஒரு பேச்சும் இருந்தன. அந்தப் பேச்சு எத்திசையில் நகர்ந்தது என்பதே அங்கே கேள்வி. நான் பேசுவது சமூகமே இன்னும் உருவாகாத இடத்தைப் பற்றி. 'நாங்கள் நியூசிலாந்தார்' என்ற எண்ணமே தோன்றாத காலத்தில் மூன்று வயதுக் குழந்தை அந்த அடையாளத்துக்காக ஒலியைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்ல முடியாது. பிறப்பும் வளர்ப்பும் வேறு வேறு.

பிள்ளைகளே இதைச் செய்கிறார்கள் என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டு புதுநகராக அறிவிக்கப்பட்ட மில்டன் கீன்ஸ் நகருக்குப் பல வட்டாரங்களிலிருந்து மக்கள் வந்து குடியேறினார்கள். பால் கெர்ஸ்வில், ஆன் வில்லியம்ஸ் இருவரும் அங்கே 4, 8, 12 வயதுகளில் 48 குழந்தைகளையும் அவர்களை வளர்ப்பவர்களையும் பதிவு செய்தார்கள். நான்கு வயதுக் குழந்தை தாயைப் போலவே பேசியது. எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இருந்தவர்கள் தாயை விட்டுவிட்டு ஒருவரைப் போல் ஒருவர் பேசினார்கள். தாய் ஸ்காட்லாந்துக்காரராக இருந்தாலும் சரி, லண்டன்காரராக இருந்தாலும் சரி, பிள்ளை மில்டன் கீன்ஸ்காரனாக ஆகிவிட்டது. வீட்டு வாசலுக்கும் பள்ளி மைதானத்துக்கும் இடையே, நான்கு வயதுக்கும் எட்டு வயதுக்கும் நடுவே, கிளைமொழி கைமாறுகிறது.

#5 மறுப்பாளர்

வாக்குப்பெட்டிக் கோட்பாட்டில் ஓட்டை இருக்கிறது. வழிப்போக்கர் அதைத் தொடாமல் போய்விட்டார். நியூசிலாந்துக் குடியேறிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இங்கிலாந்திலிருந்தும், கால் பங்குக்குச் சற்று மேற்பட்டோர் ஸ்காட்லாந்திலிருந்தும், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அயர்லாந்திலிருந்தும் வந்தார்கள். ஸ்காட்லாந்தாரும் அயர்லாந்தாரும் 'கார்', 'ஃபார்ம்' போன்ற சொற்களில் வரும் 'ர்' ஒலியை முழுமையாக உச்சரிப்பவர்கள். இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியினரும் அக்காலத்தில் அப்படித்தான். எல்லாரையும் சேர்த்தால் பெரும்பான்மை எந்தப் பக்கம்? அந்தப் பழைய பதிவுகளில்கூடப் பெரும்பாலோர் வாயில் 'ர்' ஓரளவேனும் ஒலிக்கிறது. ஆனால் இன்றைய நியூசிலாந்து ஆங்கிலத்தில் அந்த 'ர்' இல்லை. ஸ்காட்லாந்தார் மிகுதியாகக் குடியேறிய தெற்கு முனையான சவுத்லாந்து வட்டாரத்தில் மட்டும்தான் அது தொடர்ந்து ஒலித்துவந்திருக்கிறது. வாக்குகளை எண்ணியவர் யார்?

#6 ஒலிநூல்

நியாயமான அடி. இந்த இடத்தில் ட்ரட்கிலே வேறொரு காரணத்தைத் துணைக்கு அழைக்கிறார். குடியேறிகள் ஒலிகளோடு சேர்த்து, அந்த ஒலிகள் எந்தத் திசையில் மாறிக்கொண்டிருந்தனவோ அந்தப் போக்கையும் கொண்டுவந்தார்கள் என்பது அவர் வாதம். லண்டன் பேச்சில் 'ர்' வலுவிழந்துவருவதை ஜான் வாக்கர் 1791ஆம் ஆண்டின் உச்சரிப்பு அகராதியிலேயே குறித்துவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இங்கிலாந்தில் 'ர்' தேய்ந்துகொண்டே வந்தது. கடலுக்கு அப்பாலும் அந்தத் தேய்மானம் தனியே தொடர்ந்தது. வித்து இங்கே விழுந்தாலும் அங்கே விழுந்தாலும் அதே செடிதான் முளைக்கும் என்பது போல. இந்த விளக்கம் எனக்கே முழு நிறைவு தரவில்லை என்பதை மறைக்கவில்லை. விதி தவறும் இடத்தில் எல்லாம் 'போக்கு' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இது வழிவிடுகிறது.

ஆனால் படிப்பாளி முதலில் கேட்டதற்கு இதில் ஒரு பயன் உண்டு. வெப்ஸ்டரும் ஸ்வீட்டும் ஏன் தோற்றார்கள்? கடலின் இரு கரைகளிலும் சில மாற்றங்கள் இணையாகவே நடந்தன. குடியேற்றம் ஒரே அலையோடு நின்றுவிடாமல் தலைமுறை தலைமுறையாகப் புதுப்பித்துக்கொண்டே இருந்தது. எழுத்து வழக்கு ஏறக்குறைய ஒன்றாகவே நின்றது. விலகியது பெரும்பாலும் உயிரொலிகள்தாம். தொடரிலக்கணத்தின் எலும்புக்கூடு அசையவில்லை. அதனால்தான் உச்சரிப்பைக் கேட்டு ஊரைச் சொல்லிவிட முடிகிறது. எழுதிய பக்கத்தைப் பார்த்து அவ்வளவு எளிதாகச் சொல்ல முடிவதில்லை.

#7 தீவுக்கூட்டம்

தனிமை என்ற சொல்லை எல்லோரும் எளிதாகக் கைவிடுகிறீர்களே. உலகின் மிக ஒதுங்கிய குடியிருப்பு என்று சொல்லப்படும், தென் அட்லாண்டிக்கில் உள்ள டிரிஸ்டன் ட குன்யா தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 1816இல் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்று அங்கே நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு அது திரும்பியபோது வில்லியம் கிளாஸ் என்ற ஸ்காட்லாந்துப் படைவீரர் குடும்பத்தோடும் சில தோழர்களோடும் தங்கிவிட்டார். இன்று 250க்கும் குறைவானவர்கள் வாழும் அத்தீவின் ஆங்கிலத்துக்குத் தனி முகம் உண்டு. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்ற சொல்லைக்கூட முன்னால் ஒரு ஹகரம் சேர்த்து 'ஹைலண்ட்' என்பார்கள். பழைய ஆங்கிலத்தைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைத்தது போன்ற இடம் இது.

#8 ஒலிநூல்

கண்ணாடிப் பெட்டி என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். தனிமை ஒரு பேச்சைக் காப்பாற்றும், உருவாக்காது. டேனியல் ஷ்ரையர் அத்தீவில் தங்கி ஆராய்ந்து காட்டியது அதைத்தான். ஸ்காட்லாந்துக்காரர், வெவ்வேறு வட்டாரங்களைச் சேர்ந்த இங்கிலாந்துக்காரர், கப்பல் உடைந்து ஒதுங்கிய மாலுமிகள் என்று முதலிலேயே கலவைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, 1827இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து சில பெண்கள் அங்கே மணம் புரிய வந்தார்கள். அடிமை முறையும் பல மொழிகளும் கலந்த தீவில் உருவான ஆங்கிலம் அவர்களுடையது. பிள்ளைகளை வளர்த்தவர்கள் அந்தத் தாய்மார்கள். இன்று 'பழமை' என்று நாம் வியக்கும் கூறுகள் பல, எந்த ஆங்கிலச் சிற்றூரிலும் இருந்தவை அல்ல. அந்தக் கலப்பில் பிறந்தவை.

மொழியியல் அறிஞர் சாலிகோகோ முஃப்வேனே 'தொடக்கக் குடியினரின் செல்வாக்கு' என்று இதைப் பேசுகிறார். முதலில் வந்த பத்துப்பேர் வைத்த பேச்சுக்கு, பின்னால் வரும் நூறுபேர் தம்மைப் பழக்கிக்கொள்கிறார்கள். ஆகவே வாக்குப்பெட்டி என்ற உவமையை நான் இப்போது சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும்: முதலில் வந்தவர்களின் வாக்குக்கு மதிப்பு அதிகம்.

#9 கரையோரம்

இதுவரை பேசிய எல்லா இடங்களிலும் ஆங்கிலேயர்கள் குடிபெயர்ந்து போனார்கள். மக்கள் நகராமல் மொழி மட்டும் நகர்ந்த இடங்களை யாரும் தொடவில்லையே. சிங்கப்பூரில் ஆங்கிலத்தைப் பேச்சாக ஆக்கிக்கொண்டவர்கள் சீனம், மலாய், தமிழ் பேசிய குடும்பத்தினர். மொழியியல் அறிஞர் எட்கர் ஷ்னைடர் 2003இலும் பிறகு 2007இலும் வகுத்த மாதிரி இந்த இரு வகை நாடுகளையும் ஒரே ஏணியில் வைக்கிறது: முதலில் மொழி வந்து இறங்குகிறது, பிறகு வெளிநாட்டு இலக்கணமே அளவுகோலாக நிற்கிறது, அடுத்து உள்ளூர்ப் பேச்சு அதனுள் ஊறுகிறது, அதன்பின் உள்ளூர் வழக்கே அளவுகோலாகிறது, கடைசியில் அதுவும் தனக்குள் கிளைவிடுகிறது.

மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையில்தான் சண்டை நடக்கும். சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. ஆங்கிலத்தையே வீட்டு மொழியாகக் கொண்ட தலைமுறை வளர்ந்த பிறகு, 2000ஆம் ஆண்டில் அரசு 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' என்ற இயக்கத்தைத் தொடங்குகிறது. எவரும் பேசாத ஒன்றை எதிர்த்து யாரும் இயக்கம் நடத்துவதில்லை.

#10 மறுப்பாளர்

இங்கேதான் எனக்குத் தடை. சிங்கப்பூர்ப் பேச்சில் வாக்கிய முடிவில் 'லா' சேர்ப்பதும், வினைச்சொல்லின் காலம் காட்டும் விகுதியை விட்டுவிட்டு 'ஆல்ரெடி' என்று முடிப்பதும் கிளைமொழி என்றால், அரைகுறையாகக் கற்ற எவர் பேச்சையும் கிளைமொழி என்று சொல்லிவிடலாம். பிழைக்கும் வழக்குக்கும் எல்லை எங்கே?

#11 கரையோரம்

எல்லை மிகத் தெளிவானது: விதி இருக்கிறதா, அந்த விதியை மீறினால் பேசுபவர் காதுக்கு உறுத்துகிறதா என்பதுதான். நீங்கள் சொன்ன 'ஆல்ரெடி'யையே பாருங்கள். செயல் முடிந்தது, நிலை மாறியது என்று காட்டச் சீன மொழியில் வாக்கிய இறுதியில் வரும் இடைச்சொல்லின் வேலையை அது செய்கிறது. அது வரக்கூடிய இடமும் உண்டு, வரக்கூடாத இடமும் உண்டு. அரைகுறையாகக் கற்றவருக்கு அத்தகைய ஒழுங்கு இருக்காது. அயர்லாந்தில் இப்போதுதான் ஒரு வேலையை முடித்தேன் என்பதை அந்த வேலைக்கு 'ஆஃப்டர்' (பின்) இருக்கிறேன் என்ற அமைப்பில் சொல்கிறார்கள். அது ஐரிஷ் மொழியின் அமைப்பு, ஆங்கிலச் சொற்களை அணிந்து வந்திருக்கிறது. இன்று அதைப் பிழை என்று எவரும் சொல்வதில்லை. அயர்லாந்து ஆங்கிலம் என்கிறோம். வயதாகிவிட்டால் பிழைக்கும் மரியாதை வந்துவிடுகிறது போலும்.

இன்னொரு சான்று. ஆப்பிரிக்க அமெரிக்க ஆங்கிலத்தில் 'பி' என்ற துணைவினையை 'ஈஸ்', 'ஆர்' என்று மாற்றாமல் அப்படியே பயன்படுத்துவது வழக்கமாக நடக்கும் செயலைக் காட்டும். ஜானிஸ் ஜாக்சன் குழந்தைகளிடம் ஒரு படத்தைக் காட்டினார். எப்போதும் பிஸ்கட் தின்னும் பொம்மைப் பாத்திரமான குக்கி மான்ஸ்டர் அதில் நோயுற்றுப் படுத்திருக்கிறது. எல்மோ என்ற இன்னொரு பொம்மை பிஸ்கட் தின்கிறது. இப்போது தின்பது யார் என்று பொது ஆங்கிலத்தில் கேட்டபோது எல்லாக் குழந்தைகளும் எல்மோவைக் காட்டினார்கள். 'பி ஈட்டிங்' என்று கேட்டபோது வெள்ளையினக் குழந்தைகள் எல்மோவையே காட்ட, அந்தக் கிளைமொழியில் வளர்ந்த கறுப்பினக் குழந்தைகளோ குக்கி மான்ஸ்டரைக் காட்டினார்கள். தின்பது அதன் வழக்கம் அல்லவா? பிழையாகப் பேசுபவர்களுக்கு இவ்வளவு நுட்பம் எங்கிருந்து வரும்?

#12 மறுப்பாளர்

குக்கி மான்ஸ்டரிடம் தோற்றுவிட்டேன். 'லா'வைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

#13 படிப்பாளி

எல்லோருக்கும் நன்றி. என் இரண்டாம் கேள்வி மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. தொலைக்காட்சி?

#14 வழிப்போக்கர்

தொலைக்காட்சி சொற்களைப் பரப்புகிறது. ஒலி அமைப்பை அவ்வளவாகத் தொடுவதில்லை. பிறர் சொன்னதை மேற்கோளாகச் சொல்ல 'பி லைக்' என்று தொடங்கும் வழக்கு 1980களில் அமெரிக்க இளைஞரிடையே தெரியவந்து, ஒரு தலைமுறைக்குள் ஆங்கிலம் பேசும் நாடுகள் முழுவதும் பரவிவிட்டது. ஆனால் தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு புகுந்த அதே பத்தாண்டுகளில் சிகாகோ, டெட்ராய்ட், கிளீவ்லாந்து, பஃபலோ ஆகிய அமெரிக்க ஏரிக்கரை நகரங்களின் உயிரொலிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சுழன்றதை லபோவ் பதிவு செய்தார். ஓர் உயிரொலி இடம்பெயர, காலியான இடத்துக்கு அடுத்தது வர, அதன் இடத்துக்கு இன்னொன்று வர, நாற்காலி மாற்றி உட்காரும் விளையாட்டைப் போல. 1825இல் திறக்கப்பட்ட ஈரி கால்வாயின் வழியே மேற்கே குடியேறிய பலவகை மக்களின் கலப்பில் இதற்கு வித்து விழுந்தது என்பது அவர் கருத்து. தேசிய ஒளிபரப்பு ஒரே மாதிரி ஆங்கிலத்தைப் பேசிக்கொண்டிருக்க, நகரங்கள் தம் போக்கில் விலகின. தொலைக்காட்சி நம்மிடம் பேசுகிறதே தவிர, நாம் அதனிடம் பேசுவதில்லை. ஒலி மாறுவதற்கு மறுமொழி சொல்லும் ஆள் வேண்டும்.

நேர்மையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: அந்த நகரங்களின் இளைய தலைமுறை இப்போது அந்தச் சுழற்சியிலிருந்து பின்வாங்குகிறது.

#15 தீவுக்கூட்டம்

மறுமொழி சொல்லும் ஆள் வேண்டும் என்பதற்கு விதிவிலக்கு உண்டு. கிளாஸ்கோ நகரின் உழைக்கும் வர்க்க இளைஞர்கள் 'திங்க்' என்பதை லண்டன்காரரைப் போல 'ஃபிங்க்' என்று சொல்லத் தொடங்கினார்கள். அவர்களுள் பலர் லண்டனை எட்டிப் பார்த்ததுகூட இல்லை. ஜேன் ஸ்டூவர்ட்-ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், லண்டனைக் களமாகக் கொண்ட ஒரு தொலைக்காட்சித் தொடரில் மனம் ஒன்றிப் போனவர்களிடம் இந்த மாற்றம் கூடுதலாகக் காணப்பட்டது. பார்ப்பது மட்டும் போதாது. அந்தப் பாத்திரங்களோடு உள்ளத்தால் ஈடுபட வேண்டும். அங்கும் தெருவில் யாரோடு பழகுகிறார்கள், எந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் என்பவற்றுக்கே முதலிடம் என்பதையும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தொலைக்காட்சி தீமூட்டவில்லை, ஏற்கெனவே எரிந்ததை விசிறியது.

#16 ஒலிநூல்

கரைவதா, பிரிவதா என்று கேட்கும்போதே நாம் புதிதாகப் பிறப்பவற்றை மறந்துவிடுகிறோம். கிழக்கு லண்டனில் ஹாக்னி போன்ற பகுதிகளில் ஜென்னி செஷரும் கெர்ஸ்வில்லும் 2004 முதல் ஆராய்ந்த பன்பண்பாட்டு லண்டன் ஆங்கிலத்தைப் பாருங்கள். ஜமைக்கா, நைஜீரியா, வங்கதேசம், துருக்கி என்று பல இடங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், வீட்டில் ஆங்கிலம் முதல் மொழியாக இல்லாத தோழர்களோடு விளையாடிப் பேசி உருவாக்கிய பேச்சு அது. 'மேன்' என்ற சொல் அங்கே 'நான்' என்ற பொருளில் தன்மைப் பெயராகவே வருகிறது. பழைய லண்டன் பேச்சின் அடையாளமான ஹகர விடுபாடு (சொல்லின் தொடக்க ஹகரத்தை ஒலிக்காமல் விடுவது) இந்த இளைஞர்களிடம் அரிதாகிவிட்டது. நாளேடுகள் இதை 'ஜஃபைக்கன்' என்று கேலிப்பெயரிட்டு, கறுப்பினத்தவரைப் போல் நடிக்கும் பேச்சு என்றன. ஆனால் எல்லா இனத்துப் பிள்ளைகளும் நடிப்பின்றிப் பேசும் தாய்மொழி வழக்கு அது. நியூசிலாந்தின் 1860களை நாம் தட்டுகளில்தான் கேட்கிறோம். இதைப் பேருந்திலேயே கேட்கலாம்.

தொடக்கப் புள்ளி எவ்வளவு சிறியது என்பதற்கு இன்னும் ஒரு செய்தி. அண்டார்டிகாவின் ராதெரா ஆய்வு நிலையத்தில் குளிர்காலம் முழுவதும் வெளித்தொடர்பு குறைந்து தங்கிய 11 பேரின் உச்சரிப்பை ஜோனதன் ஹாரிங்டனும் குழுவினரும் முன்னும் பின்னும் அளந்து 2019இல் வெளியிட்டார்கள். சில மாதங்களிலேயே அவர்கள் உயிரொலிகள் காதுக்குப் புலப்படாத நுண்ணளவில், ஆனால் கருவிக்குப் புலப்படும் அளவில், நகர்ந்திருந்தன. 'ஃப்ளோ' போன்ற சொற்களின் ஓகாரம் வாயின் முன்பக்கம் சாய்ந்தது. பெரியவர்களும் நகர்கிறார்கள் என்பதை இது காட்டுகிறது. ஆயினும் அந்த நிலையத்தில் பிள்ளைகள் இல்லாததால் அந்தப் பேச்சு அங்கேயே தொடங்கி, கப்பல் ஏறியதும் கலைந்துவிடுகிறது.

#17 படிப்பாளி

அப்படியானால் தலைகீழ் நிலை என்ன? ஒரு சமூகம் சுருங்கிக்கொண்டே போனால், பிள்ளைகள் குறைந்தால், அதன் கிளைமொழியும் படிப்படியாகப் பொது ஆங்கிலத்தில் கரைவதுதானே முறை?

#18 வழிப்போக்கர்

அதுவே முறை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் வட கரோலினாவின் கடலோரத்தில் உள்ள ஓக்ரகோக் தீவில் அப்படியே நடந்தது. கடலின் உயர் ஓதத்தைக் குறிக்கும் 'ஹை டைட்' என்பதை 'ஹொய் டொய்ட்' போல ஒலிப்பவர்கள் அத்தீவினர். சுற்றுலாவும் வெளியார் குடியேற்றமும் பெருகப் பெருக அந்த ஒலிப்பு தலைமுறைக்குத் தலைமுறை மெலிந்துவருவதை வால்ட் வுல்ஃப்ராமும் நட்டாலி ஷில்லிங்கும் பதிவு செய்தார்கள்.

ஆனால் அதே ஆய்வாளர்கள் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையின் செசபீக் விரிகுடாவில் உள்ள ஸ்மித் தீவுக்குப் போனபோது எதிர்மாறானதைக் கண்டார்கள். நண்டும் சிப்பியும் பிடித்து வாழ்ந்த மக்கள், தொழில் நலிந்ததாலும் கரை அரித்துக்கொண்டே போனதாலும் தீவை விட்டு வெளியேறிவந்தார்கள். மக்கள்தொகை சுருங்கியது, பேச்சு மெலியவில்லை, அடர்ந்தது. 'பிரவுன்' என்ற சொல் 'பிரெய்ன்' போல ஒலிக்கும் அத்தீவின் தனி உயிரொலி, பாட்டன்மாரைவிடப் பேரப்பிள்ளைகளிடம் மிகுந்திருந்தது. வெளியேற விரும்பியவர்கள் வெளியேறிவிட, எஞ்சியவர்கள் தீவோடு தம்மைப் பிணைத்துக்கொண்டவர்கள். அவர்களுக்குள்ளேயே பேச்சு நெருங்கிச் சுழல்கிறது. ஓக்ரகோக்குக்கு வெளியார் வந்தார்கள், ஸ்மித் தீவுக்கு யாரும் வரவில்லை.

#19 மறுப்பாளர்

அப்படியானால் மார்த்தாஸ் வின்யார்டில் வெளியார் வந்து பேச்சு அடர்ந்தது; ஓக்ரகோக்கில் வெளியார் வந்து பேச்சு கரைந்தது. ஒரே காரணம், இரண்டு விளைவு. இதற்கு யாராவது பதில் சொல்லிவிட்டு இழையை மூடுங்கள்.

#20 வழிப்போக்கர்

நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சில்மார்க் மீனவர்களின் கையில் அப்போதும் படகும் தொழிலும் இருந்தன, கோடை முடிந்தால் வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். ஓக்ரகோக்கில் வந்தவர்களுள் பலர் அங்கேயே தங்கினார்கள், தீவினரோடு மணவுறவு கொண்டார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் தீவினரின் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் சேர்ந்து படித்தார்கள். அந்தப் பள்ளி மைதானத்தில் நடந்ததை ஒலிநூல் அவர்கள் நான்காம் பதிவிலேயே எழுதிவிட்டார்.